பத்து கிலோ கரி

தெருவே புகைவண்டி என்று கூப்பிடுகிற அவள், சாக்கின் வாயை அவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக ஒன்றும் இல்லை. சிவப்பாக இருந்தது. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நறுவிசாக அடுக்கி, பத்து கிலோ ஆட்டுக்கறி.

"என்னடா இது?"

"நீ கேட்டதுதாங்க்கா," என்றான் தம்பி. சாக்கைச் சுமந்து வந்த தோளைத் தேய்த்துக்கொண்டே பெருமையாக வேறு சிரித்தான். "பெரிய பெரிய துண்டா இருக்கணும்னு சொன்னே. பொடிப்பொடியா வேணாம்னே. ஈரமா இருந்தா வாங்காதேன்னே. கடைக்காரர்கிட்ட அதைச் சொன்னா, அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, துண்டை எடுத்து ஒவ்வொண்ணா துடைச்சுக் குடுத்தாரு. சாக்குலதான் கட்டணும்னு நான் ஒத்தைக் கால்ல நின்னேன். நீ சாக்குன்னு சொல்லியிருந்தே இல்ல?"

சொன்னாள்தான். நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூட வேனை ஓரமாக நிறுத்தி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவனைத் திட்டிக்கொண்டே போனில் சொன்னாள். பத்து கிலோ கரி, பெரிய துண்டா, காய்ஞ்சதா, சாக்குல கட்டி. எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அவன் காதில் சின்ன 'ர' பெரிய 'ற'வாகப் போய் விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள்! தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒரே மாதிரிதான் உருட்டுகிறார்கள். அவள் மட்டும் என்ன, நாக்கை மடித்துப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரியா போனில் பேசுவாள்?

"கரிடா! அடுப்புல போடுற கரி! மரக்கரி!" என்று கத்தினாள். "இன்னைக்குப் பாத்து என் முகத்துல கரியைப் பூசிட்டியேடா!"

"எங்கேக்கா பூசினேன், அதைத்தான் வாங்கிட்டே வரலையே," என்றான் அவன். சொல்லிவிட்டு, அக்காவின் கண்ணைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

அவளுக்குப் புகைவண்டி என்று பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வாரம் முழுக்க வேன் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் நடைபாதையில் எண்ணெய் டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பை வைத்து, இறைச்சியைப் புகையில் வாட்டி விற்கிறாள். வண்டியும் உண்டு, புகையும் உண்டு; அந்தத் தெருவில் எவனோ ஒருவன் வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டது, ஒட்டிக்கொண்டும் விட்டது. இப்போது சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நடைபாதையையே பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். கடை வாடகைக்குக் கேட்டு ஏறி இறங்காத படி இல்லை. "என்ன வியாபாரம்?" என்பார்கள். "புகை" என்ற வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் கதவு சாத்திவிடும்.

சாத்தாதவர் ஒருவர்தான். இந்த மூலைக் கட்டடத்துச் சொந்தக்காரியான வக்கீலம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வாதத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. கீழே முன்னறை, அதற்குப் பின்னால் குழாயும் சிமெண்டுத் தரையும் உள்ள ஒரு முற்றம். முற்றத்துக்கு நேர் மேலே அவர் குடியிருக்கும் வீட்டின் ஜன்னல். முன்பு இருந்தவன் எண்ணெயைப் புகைய விட்டு விட்டு அவருக்கு மூச்சிரைப்பே வந்துவிட்டதாம்.

"பேச்செல்லாம் வேணாம்," என்று போன வாரம் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை வா. காலையிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் என் முற்றத்துல உன் அடுப்பை எரி. என் ஜன்னல் திறந்தே இருக்கும். புகை தாங்காம நான் அதைச் சாத்தினேன்னா, நீ அடுப்பைத் தூக்கிட்டுப் போயிடணும். சாத்தலேன்னா சாவி உனக்கு. சம்மதமா?"

சம்மதம் என்று துள்ளிக் குதித்துவிட்டு வந்தாள். அந்த ஒரு வாரமும் அவள் கால் தரையில் படவில்லை. வேன் ஓட்டும்போதுகூட மனசுக்குள் அந்த முற்றத்தில் மேஜை போட்டாள், விளக்கு மாட்டினாள், கூட்டத்தை வரிசையில் நிறுத்தினாள். இந்த இடம் போனால் வேறு இடம் கிடையாது. டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதுதான். மேலே ஜன்னலின் இரண்டு கதவும் பப்பரப்பா என்று திறந்திருந்தன. கீழே கரி இல்லை!

"ஓடுடா!" என்றாள் தம்பியிடம். "பாலத்துக்கு அந்தப் பக்கம் விறகுக் கிடங்கு இருக்கு இல்ல, அங்கே போ. போய் நல்ல மரக்கரி, உருண்டை இல்ல, மரக்கரி. தட்டினா கணீர்னு கேக்கணும்."

"எந்த 'ரி'ன்னு சொல்லிக் கேக்கட்டும்?"

"ஓடுடான்னா!"

அவன் பைக்கை உதைத்துக்கொண்டு பறந்தான். அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பினாள்.

முற்றத்து மூலையில் அவள் புருஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். தங்கமான மனுஷன், ஆனால் ஒன்றே ஒன்றில் மட்டும் அவளுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவருக்கு உலகத்தில் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதனால் அவர் கரி உருண்டைக் கட்சி. கரித்தூளைப் பசையில் பிசைந்து அச்சில் அழுத்தி எடுத்த உருண்டைகள். ஒன்றைப் போலவே இன்னொன்று. "பாரு, எவ்வளவு ஒழுங்கு!" என்று கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்ப்பார். "உன் மரக்கரி என்னவோ இடிஞ்ச வீட்டுலேர்ந்து பொறுக்கிட்டு வந்த மாதிரி ஒண்ணு முழநீளம், ஒண்ணு விரல் நீளம்."

அந்த உருண்டைகளில் ஒரு மூட்டையைத்தான் மனுஷன் அவளுக்குத் தெரியாமல் வேனில் ஏற்றி வந்திருந்தார். அவள் தம்பியோடு மல்லுக்கு நின்ற நேரத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஓட்டை போட்ட தகர டப்பாவில் உருண்டைகளை நிரப்பி, பற்றவைக்கிற எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, தீக்குச்சியையும் கிழித்துவிட்டார்.

"ஏங்க! என்ன பண்றீங்க?"

"உன் தம்பி வர்ற வரைக்கும் சும்மாவா உக்காந்திருக்கிறது? இருபது நிமிஷம் பொறு. எல்லாம் வெள்ளை பூத்துடும். அப்புறம் பாரு, சாயங்காலம் வரைக்கும் ஒரே சூடு."

அவர் சொன்னது பொய்யில்லை. வெள்ளை பூத்த பிறகு உருண்டையும் நல்ல பிள்ளைதான், நின்று நிதானமாக எரியும். ஆனால் அந்த வெள்ளை பூக்கிற வரைக்கும்? டப்பாவிலிருந்து கனத்த புகை குபுகுபுவென்று கிளம்பியது. எண்ணெய் வாடையும் பசை கருகும் வாடையும் கைகோத்துக்கொண்டு, சுவரில் ஏறி, நேராக மேலே போயின. வேறெங்கே போகும், ஜன்னலுக்குத்தான்!

மேலே ஒரு இருமல். அப்புறம் ஒரு கை வெளியே நீண்டது. டமார் என்று ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் புகைவண்டி.

"ஒரு கதவுதான் சாத்தியிருக்கேன்," என்று வக்கீலம்மாவின் குரல் மட்டும் வந்தது. "ஒரு கதவு சாத்தினா ஜன்னல் சாத்தினதா ஆகாது. ஆனா இன்னொரு கதவும் என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம்! பழைய சாக்கு ஒன்றை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு டப்பாவை அப்படியே தூக்கினாள். வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள். வேன் பக்கத்தில் இருந்த இரும்பு வாளிக்குள் இறக்கி, மேலே இரும்பு மூடியைப் போட்டு அமுக்கினாள். காற்று இல்லாவிட்டால் எந்தத் தீயும் எத்தனை நேரம் ஆட்டம் போடும்? மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அவள் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார்.

"தெரியுமுங்க. நீங்க எப்பவும் நல்லதுக்குத்தான் பண்ணுவீங்க, அதான் எனக்கு பயமா இருக்கு!" என்றாள். அழுகையாக வந்தது. ஆனால் அழ நேரமில்லை. தம்பி பாலத்தைத் தாண்டி, கிடங்கைத் தேடி, திரும்பி வர இன்னும் எத்தனை நேரமோ! அதுவரைக்கும் அடுப்பு பற்றாமல் கிடந்தால், காலையிலிருந்து எரிய வேண்டும் என்ற பேச்சு என்னாவது? மேலே இருப்பது சாதாரண ஆளா, வக்கீல்!

டிரம்மைப் பார்த்தாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் கடைசியாக எரித்த டிரம். அன்றைக்கு வேலை முடிந்ததும் மேலும் கீழும் இருந்த காற்றுத் துவாரங்களை அவள் இறுக்கி மூடிவிட்டிருந்தாள். இன்று காலையில் வேனில் ஏற்றும்போது, உள்ளே கிடப்பதைக் கொட்டிக் கழுவ வேண்டும் என்று புருஷன் பிடித்த பிடியில் நின்றார். நேரமில்லை, அப்படியே ஏற்றுங்கள் என்று அவள்தான் விரட்டினாள்.

மூடியைத் திறந்தாள். திறந்தவள், "ஆஹா!" என்றாள்.

உள்ளே கரி! பாதி எரிந்து, தீ அணைந்து, மிச்சமாக நின்றுபோன மரக்கரி. அதே இடத்தில் உருண்டைகளை எரித்திருந்தால் பாதிக்கு மேல் சாம்பலாக உதிர்ந்துபோயிருக்கும். மரக்கரி அப்படியில்லை. காற்றை அடைத்தால் பேசாமல் தூங்கிவிடும். எழுப்பினால் மறுபடி எழுந்துகொள்ளும். ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினாள். கணீர் என்றது. அவளுக்கு அதை அப்படியே முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"ஏங்க, வாங்க இங்கே! இருக்கிறது இவ்வளவுதான். அளவு பாத்து அடுக்கணும். கண்டபடி போட்டா காத்து ஓடாது."

டைல்ஸ்காரர் தயங்கித் தயங்கி வந்தார். கோணல் மாணலான துண்டுகளைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் கை சும்மா இருக்குமா? ஒரு நீளத் துண்டை எடுத்தார், திருப்பினார், அடியில் வைத்தார். அதன் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. கொஞ்ச நேரத்தில் மனுஷன் முழங்காலில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பெருசெல்லாம் கீழே, சின்னது மேலே. நடுவுல காத்துக்கு வழி விட்டிருக்கேன்," என்றார். "இது உடைஞ்ச கல்லுல தரை போடுற மாதிரிதான். அதுக்குக் கூலி ஜாஸ்தி, தெரியும் இல்ல?"

"தெரியும், தெரியும். கூலியைச் சாயங்காலம் பேசிக்கலாம், தள்ளுங்க!"

கசக்கிய காகிதம் இரண்டை அடியில் செருகித் தீ வைத்தாள். எண்ணெய் கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் மேலே அந்த ஒற்றைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காகிதம் எரிந்தது. பட் பட் என்று நாலு பொறி தெறித்தது. ஒரு விளிம்பு சிவந்தது, அது பக்கத்துத் துண்டைத் தொட்டது. இழை மாதிரி லேசான புகை எழுந்து, சுவரில் பாதி ஏறுவதற்குள் காணாமல் போனது. மேலே இருமல் இல்லை. கதவு அசையவில்லை.

"பிடிச்சிடுச்சுங்க! பிடிச்சிடுச்சு!" என்று புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கரிக்கையின் ஐந்து விரலும் அவர் வெள்ளைச் சட்டையில் பதிந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை; தான் அடுக்கிய கரி சிவக்கிற அழகை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தீ கிடைத்துவிட்டது. ஆனால் கொஞ்சத் தீ. வீட்டிலிருந்து மசாலா தடவிக் கொண்டுவந்திருந்த முழு ஆட்டுத் தொடைகளை மூடி வைத்து மெல்லப் புகையில் வேகவைப்பதுதான் அவள் போட்டிருந்த திட்டம். அதற்கு மணிக்கணக்கில் எரிகிற கரி வேண்டும். இது அதற்குப் பற்றாது. ஆனால் மரக்கரிக்கு இன்னொரு குணம் உண்டு. துவாரத்தைத் திறந்துவிட்டால் கொஞ்சமே இருந்தாலும் கொதிக்கக் கொதிக்கச் சூடு தரும். சட்டென்று வெந்துவிடுகிற மாதிரி ஏதாவது, மெல்லிசாக நறுக்கி... அவள் பார்வை சாக்கின் மேல் போனது. பத்து கிலோ! துடைத்துச் சுத்தமாக, துளி ஈரமில்லாமல்!

"என் தங்கத் தம்பி!" என்றாள், அரை மணி நேரத்துக்கு முன்னால் அவனைக் கொன்றுபோடப் பார்த்தவள்.

கத்தியை எடுத்தாள். பெரிய துண்டுகளைத் தாள் தாளாகச் சீவினாள். உப்பு, மிளகு, கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவுதான். கம்பி வலையில் பரப்பியதும் சுர்ர் என்று எழுந்த சத்தத்தில் பக்கத்து மதில் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. அடுத்து இன்னொரு தலை. எதிர்வீட்டு மின்சாரக்காரர் தட்டோடே வந்துவிட்டார். "சும்மா பாக்கத்தான் வந்தேன்," என்றார், தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"பாருங்க, பாருங்க. தட்டை முன்னாடி நீட்டிப் பாருங்க," என்றாள் புகைவண்டி. முற்றமே சிரித்தது.

தம்பி வந்து சேர்ந்தபோது வாசலில் இவனுக்கே வழி கிடைக்கவில்லை. ஒரு மூட்டை மரக்கரியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நுழைந்தான். "சின்ன 'ர' கரி வந்தாச்சு!" என்று கூவினான். "கிடங்குல போய் நான் சின்ன 'ர', சின்ன 'ர'ன்னு சொல்றேன், அந்த ஆளு சிரிக்கிறாருக்கா. 'தம்பி, கரிக் கிடங்குக்கு வந்து வேற எந்தக் கரியைக் கேக்கப் போறே'ங்கறாரு!"

"சரிதானே கேட்டாரு," என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு துண்டுக் கறியை ஊதி அவன் வாயில் திணித்தாள்.

பிறகுதான் உண்மையான வேலை. புதுக் கரியை ஒரு பக்கமாகக் குவித்தார்கள். அடுக்கும் பொறுப்பை டைல்ஸ்காரர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மறுபக்கம் ஆட்டுத் தொடைகளை வைத்து மூடினாள். கீழ்த்துவாரத்தை விரற்கடை அளவுக்குத் திறந்து வைத்தாள். டிரம்மின் மேல்குழாயில் புகை நூலாக, நீலமாக வந்தது. மதியம் போனது. அவ்வப்போது ஒரு துண்டைப் போடுவாள், துவாரத்தைத் தொட்டு நகர்த்துவாள், மேலே பார்ப்பாள். இப்படிப் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கழுத்து வலித்தது. மூன்று மணிக்கு மேல் ஒரு விசேஷம் நடந்தது. சாத்தியிருந்த அந்த ஒரு கதவும் மெல்லத் திறந்தது! வக்கீலம்மாவின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போனது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று புருஷனை உலுக்கினாள்.

"பாத்தேன், பாத்தேன். சட்டையைக் கிழிக்காதே."

ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மூடியைத் திறந்தாள். தொடை செக்கச் சிவந்து மினுமினுத்தது. எலும்பைத் தொட்டால் கையோடு வந்துவிடும் போலிருந்தது. வாசனை முற்றத்தை நிறைத்துக்கொண்டு மேலே கிளம்பியது. கூட்டம் "ஓ" என்றது. அவளும் சந்தோஷத்தில் "ஓ" என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து மேலே டமார்! இன்னொரு டமார்!

ஜன்னலின் இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

மின்சாரக்காரர் மென்றுகொண்டிருந்ததை விழுங்காமல் நின்றார். புகைவண்டி மேலேயே பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து, கடைசி நிமிஷத்திலா! நாள் முழுக்க நூல் மாதிரி புகை விட்டு, இந்த ஒரு மூடியைத் திறந்த நேரத்திலா! சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழிந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். கையெல்லாம் கரி என்பது நினைவில்லை.

"டிரம்மை ஏத்துங்க," என்றாள் புருஷனிடம். "சொன்ன சொல் சொல்தான். கிளம்பலாம்."

அவர் டிரம்மைத் தொடவில்லை. "சூடா இருக்கு," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தம்பி ஜன்னலையே முறைத்துக்கொண்டு நின்றான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. படிக்கதவு திறந்தது. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் சாவிக்கொத்து. வக்கீலம்மா வந்து நின்றார். முற்றத்தில் எல்லாரும் இழவு வீடு மாதிரி நிற்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன ஆச்சு? தீர்ந்துடுச்சா?"

"நீங்கதானேம்மா..." என்றாள் புகைவண்டி. "ஜன்னலைச் சாத்திட்டீங்களே."

"சாத்தாம? வீட்டைத் திறந்து போட்டுட்டா சாப்பிட வருவாங்க?" என்றார் வக்கீலம்மா. "கண்டவனும் மதில் மேல ஏறி நிக்கிறான். புகை தாங்காம சாத்தினாத்தான் நீ கிளம்பணும்னு பேச்சு. நான் பசி தாங்காம சாத்தினேன். நாலு மணியிலேர்ந்து என்னால உள்ளே உக்கார முடியலை, தெரியுமா உனக்கு?"

தம்பி போட்ட கூச்சலில் தெரு நாய்கள் குரைத்தன. டைல்ஸ்காரர் அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். புகைவண்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. வக்கீலம்மாவே கிட்டே வந்து, கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அப்புறம் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். கன்னம், நெற்றி, மூக்கு, ஒரு இடம் பாக்கியில்லாமல் கரி.

"முகத்துல கரி பூசிக்கிட்டு ஜெயிச்ச ஆளை நான் இப்பத்தாம்மா பாக்கறேன்," என்றார். "எந்திரி. முதல் தட்டு எனக்கு."